அழிரப்பர்

லேப்டாப் சர்வீஸ்தான் எனக்குப் பதினெட்டு வருடத் தொழில். என் மனைவி வளர்மதியின் கேமிங் லேப்டாப் மட்டும் நடு ஆட்டத்தில் திடீர் திடீரென்று அணைந்துபோனது. ஒரு வாரம் ஃபேனைத் துடைத்தேன், சார்ஜரை மாற்றினேன். பலனில்லை.

அவளோடு ஆன்லைனில் விளையாடும் துரைவேல் போன் ஸ்பீக்கரில் சொன்னான்: "ரேமைக் கழட்டி அழிரப்பரால தேய்க்கச் சொல்லுங்க மேடம்."

மெமரி அட்டையின் முனையில் படியும் அழுக்கு போக, கடையில் நான் முதலில் செய்வதே அதைத்தான். வீட்டில் ஏனோ தோன்றவில்லை.

"மொத நாளே தேச்சாச்சு," என்றேன்.

"இன்னொருவாட்டி தேய்ங்களேன். அவரு சொன்னா சரியா இருக்கும்," என்றாள் வளர்மதி.

தேய்த்துப் போட்டேன். இரண்டு மணி நேரமாக அணையவில்லை. ஹெட்செட்டில் அவனிடம் சிரித்துக்கொண்டிருக்கிறாள். எதிரில் உட்கார்ந்து, இப்போது அணையும், இப்போது அணையும் என்று அவள் முகத்தில் விழும் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.