பேஸ்ட் போட்ட விளக்கு

"பேஸ்ட் தடவி நல்லாத் தேயுங்க. லைட்டு இப்படி மஞ்சளடிச்சுக் கெடந்தா எவன் வாங்குவான்?"

காரை விற்கக் கூடாதென்று ஒரு வாரமாக முகத்தைத் தூக்கி வைத்திருந்த மனைவி ஸ்வீட்லினே இப்படிச் சொன்னதும் மெர்வினுக்கு உற்சாகம் தாங்கவில்லை. காலை முழுக்கத் தேய்த்ததில் இரண்டு விளக்குகளும் பளிங்காகிவிட்டன.

மேலப்பாளையத்திலிருந்து கார் பார்க்க வந்த காதர் பாய், விளக்குகளின் முன்னால் வந்து நின்றார்.

"பதினாலு வருச வண்டிக்கு லைட்டு மட்டும் புதுசா இருக்கே. முன்னால இடிச்சு மாத்துனதா அண்ணாச்சி?"

"இல்ல பாய், பேஸ்ட் போட்டுத் தேச்சது."

"சரி, சொல்லி அனுப்புதேன்" என்று சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டார்.

"போவட்டும் விடுங்க. நம்ம வண்டி நம்ம வீட்டுலயே கெடக்கட்டும்" என்று காபியை நீட்டினாள் ஸ்வீட்லின்.

இன்சூரன்ஸ் ஆபீசில் இருபது வருடமாக இடிபட்ட வண்டிகளைச் சரிபார்ப்பதுதான் அவள் வேலை என்பது, ஒரு மடக்குக் குடித்த பிறகுதான் மெர்வினுக்கு உறைத்தது.