எச்சரிக்கையை நிறுத்தும் கடை

பென்னாகரம் பேருந்து நிலையத்தில் இருக்கும் மாதேஷின் செல்போன் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பழுதுபார்க்க வருவதில்லை. போன் தானாகப் பேசுவதை நிறுத்த வருகிறார்கள். அரசு கொடுத்த போன், எடுக்கும் ஒவ்வொரு படத்தையும் பார்த்து நோய் சொல்லும். இரத்தசோகை, தேமல், சொத்தைப்பல் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

எட்டு மாதங்களுக்கு முன் ரோஜாவும் அதற்காகத்தான் வந்தாள்.

"பாப்பாவ போட்டோ புடிச்சாலே கண்ணு கண்ணுன்னு கத்துதுண்ணா. பூனைக்கண்ணு மாதிரி மின்னுது, அழகாத்தான இருக்கு?"

"எங்க வீட்டுப் போனு என் தொப்பையத் திட்டுதும்மா" என்று சிரித்தபடி மாதேஷ் நிறுத்திக் கொடுத்தான். எச்சரிக்கையை இருவருமே முழுதாகக் கேட்கவில்லை.

இன்று அவள் தூக்கி வந்த குழந்தை தனுஷ்காவின் வலது கண் இருந்த இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. புற்றுநோய். அந்தப் பூனைக்கண் மினுக்கம்தான் அதன் அறிகுறியாம். முதலிலேயே வந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்று சென்னையில் சொன்னார்களாம். இன்னொரு கண்ணை விடாமல் கவனிக்கவும் சொன்னார்களாம்.

"மறுபடி பேச வைங்கண்ணா" என்றாள் ரோஜா.

மாதேஷ் தலைநிமிராமல் சரிசெய்தான். வேலை செய்கிறதா என்று பார்க்க, எப்போதும்போல எதிரே இருந்த முகத்தைப் படம் எடுத்தான். தனுஷ்கா போனைப் பார்த்துச் சிரித்தாள்.

"இடது கண்ணில்" என்று போன் தொடங்கியது.

பழக்கத்தில் அவன் விரல் அதை நிறுத்தப் போனது. ரோஜா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கண்ணா. முழுசாச் சொல்லட்டும்."