ரப்பர் தனி, துணி தனி

“செருப்பை இங்க கழட்டி வைங்க மாமா. வார் தோலு, அடிப்பக்கம் ரப்பர். அப்புறம் நான் பிரிச்சுக்கறேன்.”

கதவைத் திறந்த சிறுமி இப்படிச் சொன்னதும் ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலில் கிடக்கிற செருப்பையே பிரிக்கப் பார்க்கிறாளே! அவர் பெற்ற இரண்டும் பிஸ்கட் கவரை ஜன்னல் வழியாக வீசுகிற ரகம்.

‘குப்பையில்லாக் குடும்பம்’ போட்டிக்கு வீடு வீடாகப் போய் மதிப்பெண் போடும் வேலை இந்த வருடம் அவர் தலையில் விழுந்திருந்தது. போன வருடம் பெரியவர் ஒருவர் போனார். டீ குடிக்கும்போது பல் செட்டைக் கழற்றித் தட்டில் வைத்து அலுவலகத்தையே சிரிக்க வைப்பார், பாவம். சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் ஆளைக் காணோம். மகனோடு வெளிநாடு போய்விட்டதாகப் பேச்சு.

“வாங்க சார், உட்காருங்க!” என்று வேன் ஓட்டுகிற அப்பா வரவேற்றார். அம்மா தையல் மிஷினை விட்டு எழுந்து டீ கொண்டுவந்தாள்.

“பிள்ளைங்கதான் சார் எல்லாம் செய்றாங்க. நாங்க சும்மா கூடமாட ஒத்தாசை.”

“இந்த வருஷம் முதல் பரிசு வந்தே ஆகணும் மாமா” என்றாள் மூத்தவள், கையில் நோட்டும் பென்சிலுமாக. “போன வருஷம் ரெண்டாவதுதான். மூணு நாள் நான் அழுதுட்டே இருந்தேன்.”

“அடடா! என்ன குறை வந்துச்சு?”

“வருஷக் கடைசியில எங்க உரத்தைச் சலிச்சுப் பார்த்தாங்க. ரோஸ் கலர்ல ஒரு பிளாஸ்டிக் துண்டு கிடைச்சுதாம்.”

“எல்லாம் இவளாலதான்!” சின்னவள் போட்டுக்கொடுத்தாள். “முன்னாடியே கேட்டுக்கோன்னு அம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்க. இவ கேக்கல.”

“இந்தத் தடவை கேட்டுடுவேன், போடி!”

“சண்டை வேண்டாம்” என்றாள் அம்மா பொறுமையாக. “தப்பு பண்ணித்தான் கத்துக்கணும்.”

ஒரு அதட்டல் இல்லை, ஓர் அடி இல்லை. பிள்ளை வளர்ப்பு என்றால் இதுவல்லவா என்று ஆய்வாளர் மெய்மறந்து போனார். டீ கொஞ்சம் கசந்தது. மரியாதைக்காக ஒரே மடக்கில் குடித்துவிட்டார்.

தோட்டத்தில் வரிசையாகத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் குழந்தைக் கையெழுத்தில் சீட்டு. கண்ணாடித் தொட்டியில் ஒரு மூக்குக்கண்ணாடி. இரும்புத் தொட்டியில் பெல்ட் கொக்கி, சாவிக்கொத்து, கைக்கடிகாரம். பொத்தான்களுக்குத் தனி பாட்டில். பூசணி ஒவ்வொன்றும் அண்டா மாதிரி விளைந்து கிடந்தது.

“பயங்கர விளைச்சலா இருக்கே! என்ன போடறீங்க?”

“மட்குற எதையும் நாங்க வெளியே விடறதில்ல சார்” என்றார் அப்பா பணிவாக.

கொடிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு குழி. ஆள் நீளம் இருந்தது. மண் இன்னும் ஈரமாகவே இருந்தது.

“இவ்ளோ பெருசு எதுக்கு?”

“வருஷத்துக்கு ஒரு தடவைதான் போடறோம். சரியா போடணும் இல்லையா?”

அப்போதுதான் மூத்தவளின் கவுனை அவர் சரியாகப் பார்த்தார். அவர் சட்டையின் அதே நீலம். நெஞ்சில் பேனா சொருகும் பைகூட அப்படியே.

“அட, எங்க யூனிஃபார்ம் துணி மாதிரியே இருக்கே!”

“கைக்கு வந்த துணி சார், வீணாக்க மனசு வரல” என்ற அம்மா, அவர் தோளை ஒரு முறை கண்ணால் அளந்தாள். “சின்னவளும் ஒண்ணு கேட்டுட்டே இருக்கா.”

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு இடத்தைக் காலி செய்தால் போதும் என்று இருந்தது. நூற்றுக்கு நூறு என்று அவசரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணிக்கொண்டு போனது.

“தாளை என்கிட்ட கொடுங்க மாமா” என்று மூத்தவள் கையை நீட்டினாள். “ ஆபீஸ்ல நாங்களே சேர்த்துடறோம். போன வருஷமும் நாங்கதான் கொடுத்தோம்.”

“இல்லம்மா, நானே…” அவர் திரும்பினார். தோட்டத்துக் கதவை அப்பா தாழ் போட்டிருந்தார். நடக்கலாம் என்றால் கால்கள் இரண்டும் மரத்துப்போயிருந்தன. தொட்டி ஓரத்தைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்தார். நாக்கு புரளவில்லை.

“பாத்து, பாத்து. தலை இடிச்சுக்கப் போறாரு” என்று அம்மா பதறிப்போய் அவர் தலைக்கு முட்டுக் கொடுத்தாள்.

மூத்தவள் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, ‘தோல் செருப்பு, பெல்ட், மூக்குக்கண்ணாடி’ என்று ஒவ்வொன்றாக எழுதி முடித்துவிட்டு, அக்கறையோடு அவர் முகத்தைப் பார்த்தாள்.

“தூங்கறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க மாமா. உங்க பல்லு எல்லாம் சொந்தப் பல்லா, இல்ல போன வருஷ மாமாவுக்கு இருந்த மாதிரி செட்டா?”