பொட்டு வைத்த தொட்டிகள்

புதுச் சட்டம் வந்த கையோடு, சாப்பாட்டுக் கடை வாசலுக்குப் பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் வந்தன. முதலாளி இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்.

"மக்குறது எனக்கு, மக்காதது உனக்கு" என்று நீலத்திடம் சொல்லிவிட்டு, பச்சை ஆசையோடு காத்திருந்தது. எச்சில் இலையும் பிளாஸ்டிக் பையும் வழக்கம்போலக் கொல்லைப்புறத்துப் பழைய டிரம்முக்கே போயின. பச்சைக்கு வயிறு காய்ந்தது.

ஒருநாள் அதிகாரி வந்து, இரண்டையும் திறந்து பார்த்தார்.

"கடைன்னா இப்படியில்ல இருக்கணும்! என்னா சுத்தம்!" என்று மெச்சிவிட்டுப் போனார்.

சாயங்காலம், கழுத்துவரை நிரம்பி மூச்சுவாங்கிய டிரம்மை வாசல் வழியே லாரிக்கு இழுத்துப் போனார்கள். பச்சை கூச்சத்தோடு அதைக் கூப்பிட்டது.

"அண்ணே, இந்தக் குப்பைங்கிறாங்களே, அது எப்படிண்ணே இருக்கும்?"