மலர்ச்சோலை நிலையம்

"சுரங்க ரயில் ஸ்டேஷனுக்குப் பேரு 'மலர்ச்சோலை'யாம்! அங்கே எந்தக் காலத்துலம்மா மலர் பூத்துது?"

ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார் போட்ட சத்தத்தில், பெயர்ப் பிரிவு அதிகாரியம்மா பேனாவை மூடி வைத்தார்.

"உட்காருங்க சார்."

வாத்தியாருக்கு நின்றுகொண்டு பேசித்தான் பழக்கம். எண்பது வருடத்துப் பழைய வரைபடத்தை மேசையில் விரித்தார்.

"இதோ பாருங்க, குப்பைமேடு! ஊர்க் குப்பையெல்லாம் இங்கேதான் கொட்டினாங்க. அது மேலதான் நாங்க வீடு கட்டினோம். சொல்லிக்க என்ன வெட்கம்? நாற்பது வருஷமா நான் குப்பைமேட்டுக்காரன். எவனோ பகட்டுப் பேர்வழி சரித்திரத்தையே பூசி மெழுகியிருக்கான். அவன் யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

பேச்சு நன்றாக வந்ததில் அவருக்கே கொஞ்சம் பெருமை. வீட்டில் இவ்வளவு நேரம் பேச விடமாட்டார்கள்.

அதிகாரியம்மா பீரோவிலிருந்து ஒரு பழைய ஃபைலை எடுத்து வந்தார்.

"இங்க ஸ்டேஷன் வேணும்னு பதினஞ்சு வருஷம் முன்னாடி வந்த முதல் மனு சார். பேரை இதுலேர்ந்துதான் எடுத்தோம்."

அனுப்புநர் முகவரியில் குண்டு குண்டான எழுத்தில் 'மலர்ச்சோலை'. அடியில், சாட்சாத் வாத்தியாரின் கையெழுத்து.

"உங்களுதுதானே சார்? அப்பவே பதில் போட்டோம். அப்படி ஒரு இடமே இல்லைன்னு திரும்பி வந்துடுச்சு."

பதில்கூடப் போடாத ஆபீஸ் என்று பதினைந்து வருடமாக அவர் திட்டாத நாள் கிடையாது.

"கையெழுத்து என்னுதுதான்..." வாத்தியார் அந்தக் குண்டு எழுத்தைக் குனிந்து பார்த்தார். "என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். நான் சொல்லச் சொல்ல என் மக எழுதினா. ஒன்பதாவது படிச்சிட்டிருந்தா அப்ப."

பள்ளியிலிருந்து தோழியின் காரில் வந்தால், மகள் வீட்டுக்கு இரண்டு தெரு முன்னாலேயே இறங்கிவிடுவாள். நடப்பது உடம்புக்கு நல்லது என்று இவர் வேறு பாராட்டியிருக்கிறார்!

வாத்தியார் வரைபடத்தை மடித்தார். அது ஏனோ பழைய மடிப்பில் மடிய மறுத்தது.

"அப்ப, பேரை மாத்தணும்னு நீங்க இப்ப கொடுத்த மனு சார்?"

"வாபஸ் வாங்கிக்கறேம்மா."

"பழைய மனுவுல முகவரி தப்புன்னு ஒரு குறிப்பு எழுதிடட்டுமா சார்?"

"வேண்டாம்மா. அவ சரியாத்தான் எழுதியிருக்கா. நான்தான் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்."