யார் பின்னால் எடுப்பது?

“மன்னிப்பு கேக்கத்தான் போறோம் சித்தப்பா. ஆனா நாம முதல்ல கேட்டுறக் கூடாது” என்றான் கஜேந்திரன்.

வாடகை வேனில் மடியில் பழத்தட்டோடு உட்கார்ந்திருந்த கணபதிக்குத் தலை சுற்றியது. “அப்புறம் எதுக்குடா போறோம்?”

பிரச்சினை இவ்வளவுதான். அவர் மகள் தனுஜாவின் நிச்சயதார்த்தப் பந்தியில், மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குப் பாயாசம் வராமல் போய்விட்டது. மாப்பிள்ளையின் அப்பா ஜெயகுமார் ஒரு வார்த்தை விட்டார். கணபதி பதிலுக்குப் பத்து வார்த்தை விட்டார். அத்தோடு பேச்சு நின்றது. நாளைக்கு ஆடி பிறக்கிறது. இன்றைக்குள் சமாதானமாகாவிட்டால் வெலிமடையில் வேறு பெண்ணுக்குப் பாக்கு வெற்றிலை மாற்றப் போவதாக ஜெயகுமார் சொல்லியனுப்பிவிட்டார். தனுஜா சரியாகச் சாப்பிடுவதே இல்லை. அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் கணபதி வீறாப்பையெல்லாம் விழுங்கிக்கொண்டு, ஹல்துமுல்லைப் பக்கம் இருக்கும் சம்பந்தியின் தோட்டத்துக்குக் கிளம்பினார்.

துணைக்கு அண்ணன் மகன் கஜேந்திரனைக் கூட்டி வந்ததுதான் தப்பு. பதுளையில் ஒரு கம்பெனியில் மார்க்கெட்டிங் வேலை பார்க்கிறவன் அவன். கம்பெனி செலவில் ‘கேம் தியரி’ என்று ஒரு படிப்பு படித்தான். அந்த வகுப்புக்காகத் தங்கச்சியின் நிச்சயதார்த்தத்துக்கே வராமல் இருந்தவன்.

“பெரிய நாடுங்க சண்டைய நிறுத்தப் பேசுறப்பவும், கம்பெனிக்காரங்க வியாபாரம் பேசுறப்பவும் இதே கணக்குத்தான் சித்தப்பா. முதல்ல எறங்கி வர்றவன் தோத்தான். இன்னிக்கு நீங்க எறங்குனா, ஆயுசுக்கும் சம்பந்தி முன்னால எறங்கிக்கிட்டேதான் இருக்கணும்.”

“ரெண்டு பேருமே எறங்கலேன்னா?”

“ரெண்டு பேருக்கும் நட்டம். அந்தப் பயம் அவருக்கு முதல்ல வரணும். அதுதான் வித்தை.”

அவன் சொல்லி வாய் மூடவில்லை, வேன் சடக்கென்று நின்றது. தேயிலை மலையைச் சுற்றிப் போகும் ஒடுங்கிய பாதையில், பனிமூட்டத்துக்குள்ளிருந்து இரண்டு விளக்குகள் கண்ணைக் கூச வைத்தன. எதிரே ஒரு மரக்கறி லொறி. விளக்கைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

“நம்மது சின்ன வண்டி. நாமளே பின்னால எடுத்துருவோம்” என்றான் டிரைவர் நிஷாந்த்.

“கியர தொட்டுறாத!” என்று கத்தினான் கஜேந்திரன். “சித்தப்பா, இது நல்ல ஒத்திகை. ஒரு லொறிக்காரன்கிட்ட தோத்தீங்கன்னா சம்பந்திகிட்ட எப்படி ஜெயிப்பீங்க?”

கணபதிக்கும் ரோஷம் வந்துவிட்டது. “எடுக்காதடா நிஷாந்த்!”

லொறி டிரைவர் இறங்கி வந்தார். “கொஞ்சம் பின்னுக்கு எடுங்க தம்பி. லோட் வண்டிய ஏத்தத்துல பின்னால எடுக்க ஏலாது. முன் சீட்டுல வர்ற பெரியவருக்கும் அவசரமாம்.”

“எங்களுக்கும் அவசரம்தான்” என்று சொல்லிவிட்டுக் கஜேந்திரன் கண்ணாடியை ஏற்றினான். “பாத்தீங்களா சித்தப்பா, இல்லாத பெரியவர ஒருத்தர உண்டாக்கிப் பேசுறான்.”

லொறிக்காரர் ஹோர்ன் அடித்தார். நிஷாந்தும் அடித்தான். அவர் எஞ்சினை நிறுத்தினார். இவனும் நிறுத்தினான். அவர் பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றிக் குடித்தார். இவர்களிடம் பிளாஸ்க் இல்லாததால், தட்டிலிருந்த வாழைப்பழத்தில் ஒன்றை உரித்து அவருக்குத் தெரியும்படி தின்றான் கஜேந்திரன்.

“இது சரிவராது. நம்மால பின்னால போகவே முடியாதுன்னு அவன் நம்பணும். நிஷாந்த், வண்டிச் சாவிய தேயிலைக்குள்ள வீசு.”

“வீசலாம் அண்ணே. அப்புறம் முன்னால எப்படிப் போறது?”

படித்த படிப்பில் அது இல்லை. கஜேந்திரன் கொஞ்சம் யோசித்தான். “சித்தப்பா, உங்க அலுமாரிச் சாவிய குடுங்க.”

“தனுஜா நகையெல்லாம் அதுக்குள்ளதான்டா இருக்கு!”

“வேற சாவி செஞ்சுக்கலாம். வேற மாப்பிள்ளை செய்ய முடியுமா?”

கணபதி மனசைக் கல்லாக்கிக்கொண்டு கொடுத்தார். கஜேந்திரன் இறங்கி, லொறி வெளிச்சத்தில் நின்று, சாவியை நன்றாக ஆட்டிக் காட்டிவிட்டுப் பள்ளத்துத் தேயிலைக்குள் விட்டெறிந்தான். லொறிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அல்லாஹ்வே! இவனுக்குப் பைத்தியம்!”

லொறி உறுமிக்கொண்டே பின்னால் போய், மேல் வளைவில் ஒதுங்கியது. நிஷாந்த் வேனைக் கிளப்பி அதைத் தாண்டினான்.

“தோத்தவங்க பக்கம் திரும்பாதீங்க சித்தப்பா. நேரா பாருங்க!”

கணபதி நேராகப் பார்த்தார். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. வீட்டில், தோட்டத்தில், கோயில் கமிட்டியில் என்று எங்கும் தோற்றே பழகிய மனுஷன் ஜெயித்த முதல் சண்டை இது.

சம்பந்தியின் லயத்து வீட்டு வாசலில் வேன் நின்றபோது, ஜெயகுமார் படியில் உட்கார்ந்து அட்டை கடித்த காலுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். கணபதியைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. ஓடி வந்து கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“வாயத் திறக்காதீங்க” என்று கஜேந்திரன் காதைக் கடித்தான். “எறங்கி வந்துட்டாரு. ஜெயிச்சுட்டோம்!”

“என்னைய மன்னிச்சிருங்க சம்பந்தி” என்று விம்மினார் ஜெயகுமார். “உங்க கால்ல விழுந்தாவது சமாதானமாகணும்னு காலையிலேயே தட்டோட மரக்கறி லொறியில ஏறிட்டேன், எவனோ ஒரு பைத்தியக்காரன் மறிச்சு லொறிய பின்னால அனுப்பிட்டான். நல்ல காரியத்துக்குக் கிளம்புன வண்டி பின்னால போனா சாமிக்கே இஷ்டமில்லேன்னுதானே அர்த்தம்? எறங்கி, குறுக்கால தேயிலைக்குள்ள நடந்து வந்து, இப்பத்தான் வெலிமடைக்காரங்களுக்குப் போன்ல வாக்கு குடுத்தேன்… ஆமா, நீங்க எந்தப் பாதையால வந்தீங்க?”