ஓட்டம்

பட்டாசு ஆலையில் பூச்சட்டிக்கு மருந்து அடைத்தபடியே ராமுத்தாய், மகள் நேற்றுப் படித்த ஆங்கிலப் பாடத்தைத் தன் அண்ணன் மனைவி கற்பகவல்லியிடம் சொல்கிறாள். “ஆளு ஓடுனாலும் ரன்னாம் மதினி. தண்ணி ஓடுனாலும் ரன்னாம். கடை நடத்துனாலும் ரன்னாம். ஒத்த வார்த்தைய வச்சே வெள்ளக்காரன் காலத்த ஓட்டிருக்கான்!” “ஒனக்கு வாயிதான் ஓடுது, கையி ஓடலையே” என்கிறாள் கற்பகவல்லி. நான்கு பேருக்கான அறையில் எட்டுப் பேர் சிரிக்கிறார்கள். வாசலில் விழும் தாயில்பட்டி வெயிலில் அலுமினியத் தூள் மினுங்குகிறது. அடுத்த அறை வெடிக்கிறது. கூரை சரிய, புகைக்குள் கற்பகவல்லி வாசலுக்குப் பாய்கிறாள். சேலைக்கு மேல் அவள் மாட்டியிருக்கும் கணவனின் பழைய சட்டையைப் பின்னாலிருந்து ஒரு கை பற்றுகிறது. “மதினி, என்னையத் தூக்குங்க!” பொத்தான்கள் தெறிக்க, சட்டையை அந்தக் கையிலேயே விட்டுவிட்டு ஓடுகிறாள். வேலியைத் தொட்ட பிறகுதான் திரும்பிப் பார்க்கிறாள். அதற்குள் அவர்கள் இருந்த அறையும் வெடித்துவிட்டது. அவளுக்குப் பின்னால் யாரும் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்துக் கம்பெனி ஆட்கள் வெளியே வந்து வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுடைய போர்மேன் கை தட்டுகிறார். “பாத்தது போதும், உள்ள வாங்க. ஆர்டர் கெடக்கு.” ஒவ்வொருவராக உள்ளே போகிறார்கள்.